வாலறுந்த அள்ளு

அருண்பாண்டியின் கம்பெனியில் வேலையைச் செய்து முடித்தால் மட்டும் போதாது. முடித்ததற்குச் சாட்சியாக, டெர்மினலின் கருப்புத் திரையில் ஓடிய வரிகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒட்டவும் வேண்டும். "ஒட்டலேண்டா நீ வேலையே பாக்கலேண்டுதான் அர்த்தம்," என்பார் அருண்பாண்டி. மதுரை கே.கே. நகரில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் மேசைகளைப் போட்டு, ஊரில் உள்ள ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம், நகைக்கடை என்று பலருடைய சர்வர்களுக்கும் காவல் இருக்கிற கம்பெனி அது. கூர்க்கா விசில் ஊதுகிற மாதிரிதான் இந்த ஒட்டு வேலையும். ஒட்டியதில் ஒரு எழுத்துகூட வாடிக்கையாளருக்குப் புரியாது. ஆனால் ஒருநாள் ஒட்டாவிட்டால் உடனே போன் வந்துவிடும்.

தமிழ்வாணிக்கு இந்த அள்ளுகிற வேலை சுத்தமாகப் பிடிக்காது. மவுஸைப் பிடித்து மேலிருந்து கீழே வரை இழுத்து, நடுவில் கை நழுவி, மறுபடியும் முதலிலிருந்து இழுத்து... இதற்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தோம் என்று எரிச்சல் வரும். அதனால் அவளே ஒரு குறுக்குவழி எழுதிக்கொண்டாள். எந்தக் கட்டளையை அடித்தாலும் அதன் கடைசியில் ஒரு நெட்டுக்கோடு போட்டு 'அள்ளு' என்று அடித்தால் போதும். வருகிற வரிகள் அத்தனையும் மவுஸைத் தொடாமலே கிளிப்போர்டுக்குப் போய்விடும். குரூப்பைத் திறந்து கண்ட்ரோலையும் வி-யையும் அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கணினிகளில் ஓடுகிற லினக்ஸுக்கு, அள்ளியதைப் போட்டுவைக்கிற பை ஒன்றல்ல, இரண்டு. மவுஸால் தேய்த்து எடுப்பது சட்டைப் பைக்குப் போகும். மவுஸின் சக்கரத்தை அமுக்கினால் அதிலிருந்து வெளியே வரும். கண்ட்ரோல் சி அடித்து எடுப்பது கால்சட்டைப் பைக்குப் போகும். கண்ட்ரோல் வி அடித்தால் அதிலிருந்து வரும். அள்ளிக்கொடுக்கிற எக்ஸ்கிளிப் என்கிற நிரலோ, வாய்விட்டுச் சொல்லாதவரை எல்லாவற்றையும் சட்டைப் பையில்தான் போடும். நம் கை பழக்கத்தில் கால்சட்டைப் பைக்குள் போய்த் துழாவும்; அங்கே எப்போதோ போட்டுவைத்த வேறு ஏதோ ஒன்று கையில் வரும். லினக்ஸில் வேலை பார்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் மூக்கு உடைபட்டவர்கள்தான். தமிழ்வாணியும் ஆரம்பத்தில் உடைபட்டாள். அதனால்தான் தன் அள்ளுவுக்குக் கடைசியில் ஒரு வால் ஒட்டவைத்தாள், 'கால்சட்டைப் பையில் போடு' என்று சொல்கிற இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு அது அவளை ஏமாற்றியதே இல்லை.

அள்ளு வந்த ஒரு வாரத்திலேயே சூர்யபிரகாஷின் கண் அதில் விழுந்தது. சூர்யபிரகாஷ், அருண்பாண்டியின் மனைவிக்குத் தம்பி. கம்பெனியில் அவனுடைய பதவியை யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். "நல்லாருக்கே வாணி, என்னண்டு எழுதிருக்க, காட்டு," என்று வாங்கிப் பார்த்தான். மறுவாரம் ஆபீஸிலிருந்த மற்ற எல்லாக் கணினிகளிலும் அவன் போட்ட அள்ளு இருந்தது. அருண்பாண்டி எல்லோர் முன்னாலும் மச்சினன் தோளைத் தட்டி, "மாப்ள ஒரு ஐட்டம் பண்ணிருக்கான் பாருங்க," என்றார். தமிழ்வாணிக்குச் சுருக்கென்றது. போகட்டும், அள்ளுதானே, அரண்மனையா என்று வாயை மூடிக்கொண்டாள். அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கிற பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அவளுடைய ஊர் கள்ளிக்குடிப் பக்கம். தாத்தா காலம் வரைக்கும் அந்த ஊரில் யார் வயலில் எது காணாமல் போனாலும் முதலில் விசாரணைக்கு வருவது அவர்கள் தெருவுக்குத்தான். அப்பா கருப்புக்கு இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, யாரும் வந்து விசாரிப்பதில்லை. ஆனாலும் மகளுக்கு வேலை கிடைத்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சம்பளம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல தாயி. பேரைக் கெடுத்துக்கிறாத." சென்னைக்குப் போகாமல் மதுரையிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மதுரையில் இந்தத் தொழில் செய்கிற கம்பெனிகளோ கொஞ்சம்தான். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஓர் இடத்தில் பேர் கெட்டால் அந்த வாரமே ஊர் முழுக்கக் கெட்டுவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தபோது அவள் மேசையில் கணினி இல்லை. கழற்றி அருண்பாண்டியின் அறையில் வைத்திருந்தார்கள்.

"ஸ்கேன் சென்டர்ல ரெண்டு மாச ரிப்போர்ட் அம்புட்டும் காணோம்டி," என்றாள் ஃபாயிஸா, குரலைத் தாழ்த்தி. கோரிப்பாளையத்துக்காரி, பக்கத்து மேசை, ஆபீஸில் தமிழ்வாணிக்கு இருந்த ஒரே தோழி. "சனிக்கிழமை சாயங்காலம் யாரோ அழிச்சிருக்காங்க. பேக்கப்பும் எடுக்கலயாம். இம்மானுவேல் சாரு காலைலருந்து போன்ல கத்திக்கிட்டிருக்காரு. மத்தியானத்துக்குள்ள பண்ணுனது யாருண்டு பேரு சொல்லணுமாம். அந்த ஆளை வேலையை விட்டு எடுக்கலேண்டா காண்ட்ராக்ட்டை முறிச்சிருவாராம்."

இம்மானுவேல் அந்த ஸ்கேன் சென்டரின் மேனேஜர்.

"அதுக்கு என் மெஷினை எதுக்குத் தூக்குனாங்க?"

"சனிக்கிழமை அந்த சர்வர் உன் டூட்டியாம்ல. சூர்யா அண்ணே சொல்லிருக்காரு."

டூட்டி அவளுடையதுதான். ஆனால் அன்று அவள் ஊருக்கு பஸ் பிடிக்கச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். போகும்போது சூர்யபிரகாஷிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவனும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பாத்துக்குறேன், போ," என்றான். அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. தோன்றி என்ன பண்ண? அந்தக் கம்பெனியில் சர்வருக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பேர், ஒரே கடவுச்சொல். வீட்டுச் சாவியை வாசல் மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு, காணாமல் போனதற்கு ஆளைத் தேடுகிற கதைதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஆபீஸ் கணினிகளுக்கு ஊரைச் சுற்றியுள்ள மலைகளின் பேரை வைத்திருந்தார்கள். அவளுடையது நாகமலை. சூர்யபிரகாஷினுடையது யானைமலை. எந்த மலையிலிருந்து எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை சர்வர் குறித்துவைத்திருக்கும். மூலையில் யாருக்கும் ஒதுக்காத பசுமலை சும்மா கிடந்தது. தமிழ்வாணி அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறப்பதற்குள் சூர்யபிரகாஷ் கையில் டீயோடு வந்துவிட்டான். அவளுக்கும் ஒரு டீ.

"இந்தா குடி. இங்க பாரு வாணி, இத பெருசு பண்ணாத. நான் மச்சான்கிட்ட பேசிட்டேன். நீ ஒரு மன்னிப்பு மட்டும் போட்டுரு. அந்தாளு கொஞ்ச நேரம் குதிப்பாரு, அப்புறம் அடங்கிருவாரு. உன்னைய வேற சர்வருக்கு மாத்திருவோம், அம்புட்டுத்தான். நான் எழுதி அனுப்பிருக்கேன், பாரு."

"நான் பண்ணலண்ணே."

"யாரு பண்ணுனாங்குறதா இப்ப முக்கியம்?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அனுப்பியிருந்தான். 'வணக்கம் சார். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் அழிந்தது முழுக்க முழுக்க என் கவனக்குறைவால்தான். யார் மீதும் தவறு இல்லை. முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். மன்னிக்கவும். இப்படிக்கு, தமிழ்வாணி.' அவள் பேரைக்கூட அவனே போட்டிருந்தான். இரண்டு முறை படித்தாள். அதை கண்ட்ரோல் சி அடித்து எடுத்து ஃபாயிஸாவுக்கு அனுப்பி, 'என்னடி பண்ண?' என்று கேட்டாள். நாலு மேசை தள்ளியிருந்த ஃபாயிஸா உடனே பதில் போட்டாள்: 'அல்லாவே! இதை மட்டும் அனுப்பிறாத. அனுப்புனா ஆயுசுக்கும் நீதான் அழிச்சவ.'

அனுப்புகிற எண்ணம் அவளுக்கும் இல்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டு கருப்புத் திரையைத் திறந்தாள். சர்வரைக் கேட்டாள். அது எந்த மச்சானுக்கும் மச்சினனுக்கும் பயப்படாமல் சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம், அவள் கள்ளிக்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே வந்திருந்தது யானைமலை. அடுத்த வரியில், பழைய ரிப்போர்ட்டுகளை அழிப்பதாக நினைத்துப் புதியவற்றை அழித்த கட்டளை. அதற்கடுத்து யானைமலை வெளியேறிய நேரம். நாகமலையின் பேச்சே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். எழுந்து, "சார், ஒரு நிமிஷம் வாங்க," என்று அருண்பாண்டியின் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அந்த ஆபீஸில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே கிடையாது. எல்லோரும் திரும்பினார்கள். அருண்பாண்டி வந்தார். பின்னாலேயே சூர்யபிரகாஷும் வந்தான்.

"யாரு அழிச்சாண்டு சர்வரே சொல்லுது சார்."

"அப்படியா? அப்ப குரூப்ல போட்டுரும்மா," என்றார் அருண்பாண்டி, திரையைப் பார்க்காமலே. போனில் இம்மானுவேல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தா போடுறாங்க சார், ஆதாரத்தோட போடுறாங்க, பாருங்க."

தமிழ்வாணி அதே கட்டளையை மறுபடி அடித்தாள். நெட்டுக்கோடு. அள்ளு. குரூப்பைத் திறந்தாள். கண்ட்ரோல் வி, என்டர். ஒரே வீச்சில் செய்து பழகிய கை. கண் திரையில் இல்லை. கண் சூர்யபிரகாஷின் முகத்தில் இருந்தது. அந்த முகம் செத்துப்போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு எமனாக வந்தது.

முகம் செத்தது உண்மைதான். உதடு வறண்டு, "மச்சான்..." என்று ஆரம்பித்தான். ஆபீஸில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பிறகு அவன் பார்வை திரைக்குப் போனது. மெல்ல மெல்ல அந்த முகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசியில் சிரிப்பும் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது குரூப்பில் கிடந்தது மன்னிப்பு. 'முழுக்க முழுக்க என் கவனக்குறைவால்தான்.' இப்படிக்கு, தமிழ்வாணி.

உடனே அதை அழித்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வருவதற்குள் அதற்குக் கீழே இம்மானுவேலின் பதில் வந்துவிட்டது. 'நன்றி மேடம். இந்த நேர்மையைத்தான் எதிர்பார்த்தேன்.' அதற்கு ஸ்கேன் சென்டர் முதலாளி ஒரு கட்டைவிரலை உயர்த்தினார். அருண்பாண்டியின் போனில் இம்மானுவேலின் குரல் தணிந்திருந்தது. "சரி சார், ஒத்துக்கிட்டாங்க, அது போதும். ஆளை மட்டும் மாத்திருங்க," என்று அது சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

தமிழ்வாணிக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. குரூப்பில் தட்டச்சு செய்கிற பெட்டிக்குள் மவுஸை வைத்துச் சக்கரத்தை அமுக்கினாள். கொட்டியது. யானைமலை, யானைமலை, யானைமலை. அத்தனை வரிகளும் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் உட்கார்ந்திருந்தன. என்டரை அமுக்கப் போன கையை அருண்பாண்டி பிடித்துக்கொண்டார்.

"போடாத."

"சார், படிச்சுப் பாருங்க சார். இதுதான் நான் போட வந்தது. அது இவரு எழுதிக் குடுத்தது, தெரியாம ஒட்டிருச்சு."

அவர் படித்தார். கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். படித்ததை அவள் பார்த்தாள்.

"பாத்தேம்மா," என்றார். "ஆனா இப்பத்தான் அந்தாளு சமாதானம் ஆயிருக்காரு. மறுபடி இதைப் போட்டா, இவிங்க கம்பெனில காலைல ஒருத்தர் மேல சொல்றாய்ங்க, மத்தியானம் இன்னொருத்தர் மேல சொல்றாய்ங்கண்டு நினைப்பாரு. நீ ஒத்துக்கிட்டதுலதான் காண்ட்ராக்ட்டு நிக்குது. நாளைலருந்து நீ வர வேணாம். புரிஞ்சுக்க." அவர் குரலில் கோபமே இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

அவர் நகர்ந்ததும், அந்த வரிகளைத் தன் போனுக்கு அனுப்பி வைத்துக்கொண்டாள். பிறகு பசுமலையில் அள்ளு இருக்கிற கோப்பைத் திறந்து பார்த்தாள். முதல் வரியில், 'எழுதியவர்: சூர்யபிரகாஷ்'. அடுத்து அவளுடைய வரி. வால் இல்லை.

"இதை ஏண்ணே வெட்டுனீங்க?"

சூர்யபிரகாஷ் எட்டிப் பார்த்தான். "அது எதுக்கு நீளமா கெடக்குண்டு எடுத்துட்டேன். இல்லாமலே நல்லாத்தான ஓடுது. நான் எப்பவும் சக்கரத்தை அமுக்கித்தான் ஒட்டுவேன்." சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் திட்டம் போட்டு வெட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். இவன் திருடினான். திருடியதை முழுசாகத் திருடக்கூட இவனுக்குத் துப்பில்லை. அந்த அரைகுறைத் திருட்டு அவள் குடியைக் கெடுத்துவிட்டது.

"என் மெஷின்லயும் அது ஒழுங்கா வராதுடி," என்றாள் ஃபாயிஸா, படியில் இறங்கும்போது. அவள் கண்ணிலும் தண்ணீர். "எனக்குத்தான் தெரியலண்டு நினைச்சு, மவுஸ்லயே எடுத்துக்குவேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே தமிழ்வாணி இம்மானுவேலுக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதினாள். யானைமலை என்றால் எது, நாகமலை என்றால் எது, இரண்டு பை என்றால் என்ன, எல்லாம். அவள் எழுதியதிலேயே நீளமான செய்தி அதுதான். திருமங்கலம் தாண்டும்போது பதில் வந்தது. 'காலையில் உங்கள் மீது மரியாதை வந்தது மேடம். வேலை போனதும் அடுத்தவர் மீது பழி போடுகிறீர்களே. வருத்தமாக இருக்கிறது.' அதற்குமேல் எழுத முடியாதபடி அவளைத் தடுத்தும்விட்டார்.

வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் அவளுக்கு முன்னால், அவள் அழிப்பதற்குள் குரூப்பில் யாரோ எடுத்துவிட்ட அந்த மன்னிப்பின் ஸ்கிரீன்ஷாட் போய் உட்கார்ந்திருந்தது. சில இடங்களில் கூப்பிடவே இல்லை. ஒரு கம்பெனியில் காபி கொடுத்து அனுப்பினார்கள். கடைசியாகத் திருப்பரங்குன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. நல்லகாமன் என்பவர், ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் சின்னதாக நடத்துகிறார். இதுவும் கிடைக்காவிட்டால் சென்னைதான் என்று தீர்மானித்துக்கொண்டு போனாள்.

நல்லகாமன் பார்ப்பதற்கு நல்ல மனிதராக இருந்தார். போனை எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவள் முன்னால் வைத்தார்.

"இது எனக்கும் வந்துச்சும்மா. மத்தவங்க இதைப் பாத்துட்டு உங்களை வேணாங்குறாங்க. நான் இதுக்காகத்தான் கூப்பிட்டேன். இந்தத் தொழில்ல தப்பு பண்ணாத ஆளே கெடையாது. ஒத்துக்கிட்ட ஆளைத்தான் நான் இன்னும் பாத்ததில்ல. இது நீங்க எழுதுனதுதான?"

தமிழ்வாணியின் கைப்பையில் போன் இருந்தது. போனில் யானைமலையின் வரிகள் இருந்தன. இம்மானுவேலின் பதிலும் இருந்தது. இல்லை என்று சொன்னால் இந்த மனிதரின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா சார்."

"இந்த மனசு வேணும்மா. சரி, ஒரு சின்ன டெஸ்ட்டு." ஒரு கணினியைக் காட்டினார். "இதுல எம்புட்டு இடம் பாக்கி இருக்குண்டு பாத்து, வர்றதை அப்படியே எனக்கு மெயில்ல ஒட்டி அனுப்புங்க. கடைசில அள்ளுண்டு அடிச்சீங்கண்டா..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கயும் அதைத்தான் வச்சிருக்கோம். சூர்யா தம்பி குடுத்தது. கெட்டிக்காரப் பய. மதுரைல பாதிப் பேரு இப்ப இதைத்தான் வச்சிருக்காங்க."

கட்டளை, நெட்டுக்கோடு, அள்ளு. மெயிலைத் திறந்தாள். கண்ட்ரோல் பக்கம் போகாமல் சக்கரத்தை அமுக்கினாள். எல்லா வரிகளும் வந்து விழுந்தன. கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

நல்லகாமன் அசந்துபோனார். "பரவால்லையே! எங்க பயலுகளுக்கு இந்தச் சக்கரத்தைச் சொல்லிப் புரியவைக்கவே நாளாச்சு. நீங்க சூர்யாகிட்டயே கத்துக்கிட்டீங்களாக்கும்?"

எழுதியது நான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் எழுதிய மன்னிப்பு அவள் பேரில் ஊரைச் சுற்றுகிறது. அவள் எழுதிய அள்ளு அவன் பேரில் ஊரைச் சுற்றுகிறது. இதில் ஒன்றைத் தன்னுடையது இல்லை என்றாலும் பொய்க்காரி, இன்னொன்றைத் தன்னுடையது என்றாலும் பொய்க்காரி.

"ஆமா சார், அவர்கிட்டதான்."

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார். கீழே இறங்கி, ஸ்டேஷன் வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். கருப்பு வயலில் இருந்தார் போலிருக்கிறது, மோட்டார் சத்தம் கேட்டது.

"வேலை கெடச்சிருச்சுப்பா. திருப்பரங்குன்றத்துலயே."

"அப்படியா! ரொம்ப நல்லது தாயி." கொஞ்சம் தயங்கினார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். "பழைய எடத்துல விசாரிச்சிருப்பாங்கல்ல? உன்னையப் பத்தி என்ன சொன்னாங்களாம்? நல்லபடியாத்தான சொல்லிருக்காங்க?"

"நல்ல பேருதான்ப்பா," என்றாள் தமிழ்வாணி. "ரொம்ப நேர்மையான பொண்ணுண்டு சொல்லிருக்காங்க."